டர்போசார்ஜர் மிகையழுத்தம்

டர்போசார்ஜர் மிகையழுத்தம் என்பது உள்ளெரி பொறிக்குள் டர்போசார்ஜர் செலுத்தும் காற்றின் அழுத்தம் வரம்பு மீறும் நிலையாகும். அப்போது கட்டுப்பாட்டுக் கணினி எரிபொருளைக் குறைப்பதால் வண்டி இழுவை இழக்கும். பி0234 என்ற பழுதுக் குறியீடு பதிவாகும். இக்குறியீடு காரணத்தைச் சுட்டுவதில்லை. இதை மட்டும் நம்பி டர்போவையே மாற்றுவது பெரும்பாலும் வீண்செலவு.

இந்தியாவில் 2007 முதல் 2020 வரை மாருதி சுசூக்கி விற்ற 1.3 லிட்டர் டீசல் மகிழுந்துகளில் இருவகை டர்போக்கள் இருந்தன. ஸ்விஃப்ட் போன்ற 75 குதிரைத்திறன் வண்டிகளில், மிகுதியான புகையைத் திருப்பிவிட வேஸ்ட்கேட் வால்வு உண்டு. அதற்கு அழுத்தம் கொண்டுசெல்லும் இரப்பர்க் குழாய் வெடித்தாலோ கழன்றாலோ வால்வு திறக்காது. 90 குதிரைத்திறன் வகையில் கோணம் மாறும் இதழ்கள் உள்ளன. அவை கரி படிந்து சிக்கிக்கொள்ளும்.

பொறியை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பினால், அழுத்த உணரி சமவெளியில் சுமார் 100 கிலோபாஸ்கல் காட்டவேண்டும். மிகுதியாகக் காட்டின் உணரியையே ஐயுறலாம்.