சுத்துப்பாதையின் வேகம்

கனகராயன்குளத்துக்குள்ளால ஏ9 வீதி போகுது. அதைப் பூட்டினா என்ன நடக்கும் எண்டு இங்க ஆருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. 2006 ஆகஸ்டில் பாதை மூடப்பட்டபோது, யாழ்ப்பாணத்துக்குச் சனமும் சாமானும் கடலாலும் ஆகாயத்தாலும் சுத்திப் போகவேண்டி வந்தது. இணையத்தில் அந்தச் சுத்துப்பாதைக்குப் பேர் விபிஎன்.

இலங்கையில் அதற்கான தேவையைத் தடைகளே உருவாக்கின. 2007 ஜூனில் தமிழ்நெற் தளம் முடக்கப்பட்டது. கண்டி வன்முறையின்போது, 2018 மார்ச் 7 இல் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் நிறுத்தப்பட்டன. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு ஒரு கிழமைக்கு மேல் தடை. 2022 ஏப்ரல் 3 இல் மீண்டும் ஒன்று; அது ஒரு நாள்கூட நிற்கவில்லை. அப்போது அமைச்சராக இருந்த நாமல் ராஜபக்சவே, தான் விபிஎன்னில்தான் வந்திருப்பதாகவும் இப்படியான தடையால பிரயோசனமில்லை எண்டும் டுவிட்டரில் எழுதினார்.

ஆனா சுத்துப்பாதை எல்லாருக்கும் ஒரே வேகத்தில் ஓடாது. விபிஎன் எங்கட தரவைப் பூட்டி, வேறு நாட்டுச் சேர்வருக்குக் கொண்டுபோய், அங்கயிருந்துதான் வெளியில விடும். கண்ணாடி இழைக்குள் ஒளி செக்கனுக்குச் சுமார் 2 இலட்சம் கிலோமீற்றர் ஓடும். கொழும்பிலிருந்து சிங்கப்பூர் சுமார் 2,700 கிலோமீற்றர். போய்வர 27 மில்லிசெக்கனாவது வேணும். நியூயோர்க் அதைவிட ஐந்து மடங்கு தூரம்.

கிட்ட இருக்கிற நாடு இந்தியாதான். ஆனா பாவனையாளர் விபரங்களை ஐந்து வருடம் வைத்திருக்கவேணும் எண்டு 2022 இல் அங்க விதி வந்ததும், பல விபிஎன் நிறுவனங்கள் தங்கட சேர்வர்களைக் கழட்டிக்கொண்டு போயிட்டுதுகள். செயலியில் 'இந்தியா' எண்டு இருந்தாலும் பெட்டி வேற நாட்டில இருக்கலாம்.

பூட்டுற முறையும் மாறியிருக்கு. 2001 இல் வந்த ஓபன்விபிஎன்னை விட, 2020 இல் லினக்ஸ் கெர்னலுக்குள் சேர்ந்த வயர்கார்ட் மிகச் சிறியது. தொடக்கத்தில் சுமார் 4,000 வரிதான். பழைய போனிலும் பாரமில்லாமல் ஓடும்.

அதனால வீட்டில செய்யக்கூடியது இதுதான்: முதல்ல விபிஎன் இல்லாமல் வேகத்தை அளவுங்கோ. அதுவே குறைவெண்டா 4ஜி றூட்டரை யன்னலடிக்கு மாத்துங்கோ. பிறகு சிங்கப்பூர்ச் சேர்வர், வயர்கார்ட். இலவசச் சேர்வர்களில் நெரிசல் கூட. தடை நாளில சொல்லவே வேண்டாம்.

தடை எல்லாருக்கும் ஒண்டுதான். ஆனா நல்ல இணைப்பும் காசும் உள்ளவர் அண்டைக்கும் கதைப்பார். சிக்னல் குறைஞ்ச ஊர்க்காரர் காத்திருப்பார். இந்தச் சின்ன வேலையள் தெரிஞ்சிருந்தா அந்த இடைவெளி கொஞ்சமாவது குறையும்.