தறிவரியும் வருமான வரியும்

வரி யாரிடம் வாங்கப்படுகின்றது, எவ்வளவு வாங்கப்படுகின்றது என்னும் இரண்டையும் பொறுத்தே செல்வர்க்கும் வறியர்க்கும் உள்ள இடைவெளி விரிதலும் சுருங்குதலும் நிகழ்கின்றன. இதற்கு நம் நெசவுத் தொழிலின் வரலாறே தக்க சான்றாகும்.

சோழர் கல்வெட்டுக்களில் செக்கிறை, தட்டாரப்பாட்டம் முதலியவற்றோடு தறியிறையும் கூறப்படுகின்றது. பத்தாம் நூற்றாண்டில் எழுந்த உத்தம சோழன் செப்பேடு, காஞ்சி நெசவுச் சேரியாரிடம் ஊரகத்துக் கோயிற் காரியங்களைக் கவனிக்கும் பொறுப்பை ஒப்புவித்தது. வரி செலுத்தியதோடு பொதுப்பொருளையும் காத்தவர் நம் முன்னோர் என்பது இதனாற் பெறப்படும்.

நிற்க. கும்பினியார் காலத்துச் சென்னை மாகாணத்தில் மொகதர்பா என்னும் வரி இருந்தது. அது தறிக்கும், கடைக்கும், கைத்தொழிற் கருவிக்கும் விதிக்கப்பட்டது. தறி ஒன்றுக்கு இவ்வளவு என்று வாங்குங்கால், அத்தறியால் வந்த ஊதியம் எவ்வளவு என்பது கருதப்படுவதில்லை. ஆகலின் கஞ்சிக்கு உழைப்பவனே மிகுதியும் நலிந்தான். கஜுலு லட்சுமிநரசு செட்டியார் முதலியோர் நடத்திய சென்னைவாசிகள் சங்கம், 1852ஆம் ஆண்டில் ஆங்கிலப் பாராளுமன்றத்திற்கு விடுத்த விண்ணப்பத்தில் இக்கொடுமையையும் எடுத்துரைத்தது.

1860இல் ஜேம்ஸ் வில்சன் இந்நாட்டில் வருமான வரியைப் புகுத்தினார்; அதனையொட்டி மொகதர்பா ஒழிந்தது. ஆண்டுக்கு 200 ரூபாய்க்குக் குறைந்த வருவாய்க்குப் புதிய வரி இல்லை. 200 முதல் 500க்குள் நூற்றுக்கு 2 ரூபாய். அதற்கு மேல் நூற்றுக்கு 4 ரூபாய். 150 ரூபாய் ஈட்டிய நெசவாளி ஒன்றும் செலுத்தவேண்டுவதில்லை. 5,000 ரூபாய் ஈட்டிய வணிகர் 200 ரூபாய் செலுத்தவேண்டும். கருவியை விடுத்து வருவாயை நோக்கிய மாற்றம் இதுவே. அவ்வரி 1865இல் நீங்கிற்று. 1886இல் சட்டமாக நிலைபெற்றது. 1939இல் படிமுறை வந்தது. அதன்படி வருவாயின் மேற்பகுதிக்கு மட்டுமே மிகுந்த வீதம் உரியது.

மிகுதியாக வாங்கினால் ஏற்றத்தாழ்வு முற்றும் ஒழியுமோ எனின், ஒழியாது. 1973ஆம் ஆண்டளவில் உச்ச வீதம் கூடுதல் வரியுடன் நூற்றுக்கு 97.75 ஆயிற்று. அத்துணை உயர்ந்த வீதம் வருவாயை மறைக்கவே பலரைத் தூண்டிற்று. பின்னர் 1985இல் அது 50 ஆகக் குறைக்கப்பட்டது. வீதம் தாங்கத்தக்கதாயும் தண்டல் நேர்மையுடையதாயும் இருத்தல் வேண்டும் என்பதே இதனால் விளங்கும் பாடம்.

வாங்கிய பொருள் செல்லும் வழியும் நோக்கத்தக்கது. வருமான வரியில் ஒரு பங்கு நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி மாநிலங்களைச் சேர்கின்றது. அது பள்ளியாகவும் மருத்துவமனையாகவும் மாறின், பெற்றவன் ஏழையே. மற்று, 2017 முதல் உள்ள சரக்கு சேவை வரியோ, ஒரு பொருளை வாங்கும் செல்வனுக்கும் கூலி நெசவாளிக்கும் ஒரே வீதமாக உள்ளது. வருவாய் நோக்காத பழைய தறிவரியின் குறை இதிலும் ஓரளவு உண்டு. வருமான வரி சுருங்குமாயின், அரசு இத்தகைய வரிகளையே மிகுதியும் நாடும்.

அன்பர்காள்! நம்மிலே பட்டு வாணிகம் செய்து பொருள் நிரம்பினாரும் உளர். ஒற்றைத் தறியில் குழியில் கால் வைத்து வாழ்வாரும் உளர். முன்னவர் மறைக்கும் ஒவ்வொரு ரூபாயின் சுமையும் பின்னவர் தலைமேல் ஏறுகின்றது. கோயிற் பொருளைக் காத்த மரபினர் நாட்டின் பொருட்கும் நேரிய கணக்குக் காட்டுதல் கடனாம்.