துருவக் கடலுக்கான இந்தியக் கப்பல்: வாடகைக் கலத்திலிருந்து சொந்த வடிவமைப்பை நோக்கி (1981–2025)

முன்னுரை

மதுரைச் சமவெளியின் இருபோக வயல்கள் 1895 முதல் பெரியாறு அணைத் தண்ணீரை நம்பியிருக்கின்றன. அந்த அணை நிறைவது பெரிதும் தென்மேற்குப் பருவமழையால். 2022 மார்ச்சில் இந்திய அரசு வெளியிட்ட ஆர்க்டிக் கொள்கை, வடதுருவ மாற்றங்களுக்கும் நம் பருவமழைக்கும் உள்ள தொடர்பை ஆராய்வதைத் தன் நோக்கங்களுள் ஒன்றாகக் கொண்டுள்ளது. ஆகவே துருவக் கடலுக்குப் போகும் கப்பல் கடலோர மாவட்டங்களுக்கு மட்டுமே உரிய செய்தி அன்று. மதுரை உழவருக்கும் அதில் பங்குண்டு.

இந்தியாவில் துருவ ஆராய்ச்சிக் கப்பலுக்கான திட்டமும் ரோந்துக் கப்பல் கட்டும் திறனும் தனித்தனியே வளர்ந்தன. இரண்டும் இணையாததே நம் துருவக் கடற்பயணத்தின் முதன்மைக் குறை என்பது இக்கட்டுரையின் வாதம்.

வாடகைக் கப்பல்களின் காலம்

1981 டிசம்பர் 6 அன்று சையது ஜாகூர் காசிம் தலைமையில் 21 பேர் கொண்ட முதல் குழு கோவாவிலிருந்து அண்டார்க்டிகாவுக்குப் புறப்பட்டது. ஏறிச்சென்ற ‘போலார் சர்க்கிள்’ நார்வே நாட்டுக் கப்பல். 1982 ஜனவரி 9 அன்று குழு பனிக்கரையில் இறங்கியது. 1983இல் இந்தியா அண்டார்க்டிக் ஒப்பந்தத்தில் சேர்ந்தது. அதே ஆண்டில் ஆலோசனை உறுப்புரிமையும் பெற்றது. தட்சிண கங்கோத்ரி, 1989இல் மைத்ரி, 2012இல் பாரதி என நிலையங்கள் எழுந்தன. அவற்றுக்கான ஆட்களும் எரிபொருளும் கட்டுமானப் பொருள்களும் பிறநாட்டு வாடகைக் கப்பல்களிலேயே போய்ச் சேர்ந்தன.

2008இல் ஒரு மாற்றம் தெரிந்தது. சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்துக்கு, இத்தாலியில் கட்டப்பட்ட ‘சாகர் நிதி’ வந்து சேர்ந்தது. பனியைத் தாங்கும்படி உடல் வலுவூட்டப்பட்ட இக்கப்பல் தென்பெருங்கடலில் தெற்கு அட்சரேகை 66 பாகை வரை சென்றது. ஆயினும் கனத்த கடற்பனியை உடைத்து நிலையங்களுக்குச் சரக்கேற்றிச் செல்வது அதன் வேலை அன்று. அந்த வேலைக்கான தனிக் கப்பலுக்கு 2014 அக்டோபரில் மத்திய அமைச்சரவை 1,051.13 கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புதல் தந்தது. 34 மாதங்களில் கட்டி முடிப்பது திட்டம், கப்பல் வரவில்லை.

காட்டுப்பள்ளியில் வளர்ந்த திறன்

அதே ஆண்டுகளில் சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் வேறொரு கதை நடந்தது. இந்தியக் கடலோரக் காவல்படைக்கு ஏழு ரோந்துக் கப்பல்கள் கட்டித்தர லார்சன் அண்ட் டூப்ரோ நிறுவனம் 2015இல் ஒப்பந்தமானது. முதற்கப்பல் ‘விக்ரம்’ 2018 ஏப்ரலிலும், கடைசிக் கப்பல் ‘விக்ரஹா’ 2021 ஆகஸ்டிலும் பணியில் சேர்ந்தன. ஒவ்வொன்றும் 98 மீட்டர் நீளம், சுமார் 2,100 டன் எடை, மணிக்கு 26 கடல்மைல் வேகம்.

துருவக் கப்பல் ஏட்டிலேயே நின்ற காலத்தில் ஏழு ரோந்துக் கப்பல்கள் கடலில் இறங்கின. நம் தொழிலாளர்களிடமும் பொறியாளர்களிடமும் திறமைக்குப் பஞ்சமில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. வேலை உறுதியும் தெளிவான தேவைப் பட்டியலும் இருந்த இடத்தில் கப்பல் உருவானது.

பனிக்கடல் கேட்பது என்ன?

வெப்பக்கடல் ரோந்துக் கப்பலை அப்படியே தெற்கே அனுப்ப முடியாது. கடுங்குளிரில் சாதாரண எஃகு நொறுங்கும் தன்மை அடையும். தெறிக்கும் கடல்நீர் மேல்தளத்தில் உறைந்து கனக்கும்போது ஈர்ப்புமையம் மேலேறி, கப்பல் கவிழும் ஆபத்து கூடும். சுக்கான், உந்திகள், நீர் உறிஞ்சும் வாய்கள் அனைத்தும் பனிக்கட்டியை எதிர்பார்த்தே அமைய வேண்டும். 2017 ஜனவரி 1 முதல் நடைமுறையிலுள்ள சர்வதேசத் துருவக் கடல் விதித்தொகுப்பு இவற்றையெல்லாம் வரையறுக்கிறது.

நியூசிலாந்தின் அனுபவம் தெளிவான பாடம். 2015 ஜனவரியில் தென்பெருங்கடலில் சட்டவிரோதமாக மீன்பிடித்த கப்பல்களை அதன் ‘வெலிங்டன்’ ரோந்துக் கப்பல் கண்டுபிடித்தது. வெலிங்டனின் உடலும் பனிக்காக வலுவூட்டப்பட்டதுதான். ஆனால் மோசமான கடல்நிலையில் அதிகாரிகளால் அக்கப்பல்களில் ஏற முடியவில்லை. தென்பெருங்கடலுக்கென்றே தனி ரோந்துக் கப்பல் வாங்கும் திட்டம் 2019இல் அறிவிக்கப்பட்டு, 2022இல் ஒத்திவைக்கப்பட்டது.

கனடா 2007இல் ஆர்க்டிக் ரோந்துக் கப்பல்களை அறிவித்தது. முதற்கப்பல் ‘ஹாரி டிவொல்ஃப்’ 2021இல்தான் பணியேற்றது. 6,600 டன் எடையும் 17 கடல்மைல் வேகமும் கொண்ட அதை விக்ரமோடு ஒப்பிட்டால், பனியைத் தாங்குவதற்காக எடை மும்மடங்காகி வேகம் குறைந்திருப்பது விளங்கும். வேகமா, பனித்தாங்கு திறனா என்பதை வரைபடம் போடும் முன்பே முடிவு செய்தாக வேண்டும். பிறகு சேர்க்கும் வலுவூட்டல் அரைகுறையாகவே அமையும்.

சட்டமும் கடமையும்

அண்டார்க்டிக் ஒப்பந்தம் அங்கே இராணுவ நடவடிக்கைகளைத் தடை செய்கிறது. அமைதிப் பணிக்குப் படைவீரர்களையும் கருவிகளையும் பயன்படுத்தலாம். எனவே தென்துருவ ரோந்து என்பது போர்ப்பணி அன்று. மீன்பிடிக் கண்காணிப்பும் ஆபத்தில் உதவுவதும் சுற்றுச்சூழல் ஆய்வுமே அதன் பொருள். அண்டார்க்டிகக் கடல் உயிர்வளப் பாதுகாப்பு ஆணையத்தில் இந்தியா 1986 முதல் உறுப்பினர். 2022இல் நிறைவேறிய இந்திய அண்டார்க்டிக் சட்டம் அனுமதிகளையும் ஆய்வாளர்களையும் ஏற்படுத்தியுள்ளது. கடமையை ஏற்ற நாடு, அதை நிறைவேற்றும் கலத்தை ஒவ்வொரு பருவத்திலும் வாடகைக்குத் தேடுவது தகுதிக்கு ஏற்றதன்று.

முடிவுரை

2025 ஜூனில் கொல்கத்தாவின் கார்டன் ரீச் கப்பல் கட்டுமான நிறுவனம், இந்தியாவில் துருவ ஆராய்ச்சிக் கப்பல் கட்டுவதற்காக நார்வேயின் காங்ஸ்பெர்க் நிறுவனத்துடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தது. இதே கார்டன் ரீச் நிறுவனம் 2023 ஒப்பந்தப்படி கடற்படைக்கு நான்கு ரோந்துக் கப்பல்களையும் கட்டுகிறது. பிரிந்து ஓடிய இரு பாதைகளும் முதன்முறையாக ஒரே தளத்தில் சந்திக்கின்றன. இவ்வாய்ப்பை நழுவவிடக் கூடாது.

ஆராய்ச்சி, சரக்கு, ஆய்வாளர் போக்குவரத்து, மீட்புப் பணி ஆகிய நான்கையும் ஒரே வடிவமைப்பில் சேர்க்க வேண்டும். சாகர் நிதியை இயக்கிய சென்னையின் அனுபவமும் காட்டுப்பள்ளியின் கட்டுமான அறிவும் அந்த மேசையில் இடம்பெற வேண்டும். 2014இன் ஒப்புதல் ஏட்டில் முடிந்தது. 2025இன் ஒப்பந்தம் அப்படி முடியாதிருக்க, நிதியும் காலவரம்பும் பொறுப்பாளரும் இப்போதே எழுத்தில் உறுதியாக வேண்டும்.