மலைநாட்டு வளைவுகளும் மலிவு விலைக் கூபேயும்

2012ஆம் ஆண்டு ஏப்ரலில் டொயோட்டா நிறுவனம் '86' என்ற பெயரில் ஒரு சிறிய ஸ்போர்ட்ஸ் கூபேயை ஜப்பானில் விற்பனைக்கு விட்டபோது, உலகெங்கும் கார்ப் பிரியர்கள் இரு பிரிவாக நின்று வாதிட்டனர். ஒரு சாரார், கைக்கு எட்டும் விலையில் இப்படியொரு கார் வந்து எத்தனை காலம் என்று மகிழ்ந்தனர். மறு சாரார், பார்ப்பதற்குப் புலி, பாய்ச்சலில் பூனை என்று முகம் சுளித்தனர். இலங்கையின் கார்ப் பிரியர்களும் இந்த வாதத்தில் சளைக்கவில்லை. கண்டியைச் சுற்றியுள்ள மலைப்பாதைகளில் வாகனம் செலுத்திப் பழகியவர்களுக்கு அதில் தனியான ஓர் அக்கறையும் இருந்தது. ஏனென்றால் அந்தக் கார் நேர்சாலையை மனத்திற் கொண்டு செய்யப்பட்டதன்று, வளைவுகளுக்காகச் செய்யப்பட்டது.

கூபே என்பது இரண்டு கதவுகளும், பின்புறம் சரிந்து இறங்கும் தாழ்ந்த கூரையும் கொண்ட கார். பின்னிருக்கை பெயருக்கு மட்டுமே. அதில் அமர்பவர் குழந்தையாக இருக்க வேண்டும், அல்லது காரின் சொந்தக்காரருக்கு மிக வேண்டியவராக இருக்க வேண்டும்!

டொயோட்டா 86இன் எஞ்சின் 1998 சி.சி. கொள்ளளவு கொண்டது. சுபாரு நிறுவனத்துடன் கூட்டாக உருவாக்கப்பட்ட அந்தப் படுக்கை நிலை எஞ்சின் 200 குதிரைவலுவைத் தந்தது. காரின் எடை ஏறத்தாழ 1,230 கிலோ. தலைமைப் பொறியியலாளர் தெட்சுயா தாதா, அக்காலத்து ஸ்போர்ட்ஸ் கார்களின் மூன்று அணிகலன்களை வேண்டுமென்றே விலக்கினார். டர்போ இல்லை; நான்கு சக்கர இழுவை இல்லை; தரையை இறுகப் பற்றும் விலை கூடிய டயர்களும் இல்லை. தாழ்ந்த புவியீர்ப்பு மையமும், பின்சக்கர இழுவையும், செலுத்துபவரின் கைத்திறனும் போதும் என்பது அவருடைய கட்சி. ஜப்பானில் விலை சுமார் 20 இலட்சம் யென்னில் தொடங்கியது. அமெரிக்காவில் ஏறத்தாழ 25,000 டொலர். அப்போது போர்ஷே கேமன் கூபேயை வாங்க அதன் இரு மடங்குக்கு மேல் கொடுக்க வேண்டியிருந்தது.

எதிர்த்தவர்களின் முறைப்பாடு வெறும் வம்பு அல்ல. எஞ்சின் நிமிடத்துக்கு 3,500 முதல் 4,500 சுற்றுகள் வரை சுழலும் இடைப்பட்ட நிலையில் அதன் முறுக்குவிசை சற்றே தொய்ந்துவிடும். முந்திச் செல்ல அழுத்தும் வேளையில் கார் ஒரு கணம் யோசிப்பது போலிருக்கும். டயர்களோ டொயோட்டாவின் பிரியஸ் குடும்பக் காரிலும் பயன்பட்ட மிச்செலின் வகை. இதையா ஸ்போர்ட்ஸ் கார் என்கிறீர்கள் என்று கேட்டவர்களுக்கு, மெதுவாகச் செல்லும்போதே வேகத்தின் சுவையைத் தருவதல்லவா இதன் சிறப்பு என்று மற்றவர்கள் பதில் சொன்னார்கள்.

வரலாற்றைப் புரட்டினால், இது புதிய சண்டை அல்ல என்பது விளங்கும். 1929இல் எம்.ஜி. நிறுவனம் இங்கிலாந்தில் 175 பவுணுக்கு விற்ற 'மிட்ஜெட்' என்ற குட்டி ஸ்போர்ட்ஸ் கார், அடிப்படையில் அக்காலத்து மொரிஸ் மைனர் தான், 847 சி.சி. எஞ்சின், சுமார் 20 குதிரைவலு. 1964இல் அமெரிக்காவில் போர்ட் நிறுவனம் வெளியிட்ட மஸ்டாங், பால்கன் என்ற சாதாரணக் குடும்பக் காரின் மீது போர்த்திய அழகிய மேலாடை என்று ஏளனம் செய்யப்பட்டது. ஆனாலும் முதல் ஆண்டிலேயே 4 இலட்சத்துக்கு மேல் விற்றது. 1969இல் ஐரோப்பாவுக்காக வந்த போர்ட் கப்ரி, கோர்ட்டினாவின் உறுப்புகளைக் கொண்டு செய்யப்பட்டது. 1300 சி.சி. எஞ்சினுடன் வந்த மலிவு கப்ரியும் 3000 சி.சி. கப்ரியும் வெளித்தோற்றத்தில் ஏறக்குறைய ஒன்றேதான். தோற்றத்தை வாங்குபவனும் வேகத்தை வாங்குபவனும் ஒரே காட்சிக்கூடத்துக்கு வந்தார்கள். ஒருவரை ஒருவர் மதிக்கவில்லை என்பது வேறு விடயம்.

இனி நம் மலைப்பாதைக்கு வருவோம்.

1815இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமாயிற்று. ஆனால் கொழும்பிலிருந்து கண்டிக்குச் சக்கரம் உருளக்கூடிய பாதை இருக்கவில்லை. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் அது வெட்டப்பட்டது. பொறுப்பாக நின்ற கப்டன் டோசன் 1829இல் இறந்துபோனார். கடுகண்ணாவையில் அவர் நினைவாக 1832இல் எழுப்பப்பட்ட கோபுரம் இன்றும் நிற்கிறது. அருகே பாறையைக் குடைந்து அமைத்த பழைய வாயிலும் இருக்கிறது. மலையைத் துளைத்து வருபவனுக்கே கண்டி அடிபணியும் என்று ஒரு தீர்க்கதரிசனம் இருந்ததாகவும், அதற்காகவே ஆங்கிலேயர் பாறையைக் குடைந்ததாகவும் கதை சொல்வார்கள். கதை எப்படியிருந்தாலும், அந்தப் பாதை இராஜகாரிய முறையின் கீழ்க் கட்டாய உழைப்பால் உருவானது. பின்னர் கோப்பியும் தேயிலையும் வந்தபோது, தோட்டங்களை நோக்கி மலைமேல் ஏறிய கிளைப்பாதைகளைத் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்களின் கைகள் அமைத்தன. கம்பளை, புசல்லாவை, ரம்பொடை வழியாக நுவரெலியா செல்லும் வீதியிலும், ஹுன்னஸ்கிரிய கடந்து மஹியங்கனைக்கு இறங்கும் புகழ்பெற்ற 'பதினெட்டு வளைவு'ப் பாதையிலும் செல்வோர், வளைவின் அழகை வியக்கும்போது இந்தக் கைகளையும் நினைப்பது நல்லது.

அந்தத் தோட்டப் பாதைகளில் முதலில் ஓடிய ஸ்போர்ட்ஸ் கார்கள் துரைமாருடையவை. 1934இல் நுவரெலியாவின் மஹகஸ்தொட்டையில் மலையேற்றப் போட்டி தொடங்கியது. தேயிலைத் தோட்டத்துக்குள் வளைந்து ஏறும் குறுகிய பாதையில், கார்கள் ஒவ்வொன்றாக மேலேறும். நேரத்தைக் கணக்கிட்டு வெற்றியாளரைத் தீர்மானிப்பார்கள். இத்தகைய போட்டியில் பெரிய எஞ்சினுக்கு எப்போதும் முதலிடம் என்று சொல்வதற்கில்லை. தூரம் குறைவு, வளைவு அதிகம், அகலம் சொற்பம். எம்.ஜி. போன்ற இலகுவான பிரித்தானியக் கார்கள் இங்கு மதிக்கப்பட்டதற்குக் காரணம் அதுவே. ஆனால் இங்கிலாந்தில் எழுதுவினைஞன் ஒருவன் சேமித்து வாங்கிய மிட்ஜெட், இங்கே துரையின் பங்களா முற்றத்தில்தான் நின்றது. கொழுந்து பறித்தவர்கள் பாதையோரம் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். மலிவு விலைக் கார் என்ற சொல்லுக்குக் கடல் கடந்தவுடன் பொருள் மாறிவிடுவதை அன்றே காணலாம்.

1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தது. கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1970க்குப் பின் நிலைமை மேலும் இறுகியது. 1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தங்களோடு துரைமாரின் காலமும் முடிந்தது. கப்ரியும் செலிக்காவும் வெளியுலகில் பேசப்பட்ட அந்த ஆண்டுகளில், கண்டி வாலிபனுக்கு அவை வெளிநாட்டுச் சஞ்சிகைகளில் படமாக மட்டுமே கிடைத்தன. வீதியில் ஓடியவை பழைய மொரிஸ் மைனர், ஒஸ்டின், ஹில்மன், பியூஜோ போன்றவை. உதிரிப்பாகம் கிடைக்காதபோது கராஜில் கடைந்தெடுத்த பாகங்களால் அவற்றை உயிரோடு வைத்திருந்தார்கள் நம் மெக்கானிக்மார். அவர்களுக்கு எவரும் பட்டம் கொடுக்கவில்லை.

அக்கால வாகனங்களின் இலக்கத் தகட்டில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து இருக்கும். பழைய கார் சேகரிப்போருக்கு இன்று அது பெருமைக்குரிய அடையாளம். அதே எழுத்தை எதிர்த்து 1957இலும் 1958இலும் தமிழர் தாரும் தூரிகையும் எடுத்தார்கள் என்பதும், மலையகத்திலும் அந்தப் போராட்டம் பரவியது என்பதும் தமிழ் வாசகருக்கு நினைவிருக்கும்.

1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் ஜப்பானிய மீள்சீரமைப்புக் கார்கள் வந்து குவிந்தன. முதன்முதலாக ஒரு வைத்தியர், ஒரு கடைக்காரர், ஒரு வங்கி முகாமையாளர் ஆகியோரின் கைக்கும் கார் எட்டியது. கூபே வகைகளும் இடையிடையே வந்தன. 1983இல் ஜப்பானில் வெளியான கொரோலா லெவின், ஸ்பிரிண்டர் டிரேனோ என்ற இரட்டையர் இங்கே நம் கதைக்கு முக்கியம். இவற்றின் தொழிற்சாலைக் குறியீடு ஏ.ஈ.86. எஞ்சின் 1587 சி.சி., பின்சக்கர இழுவை, எடை ஒரு தொன்னுக்கும் குறைவு. அன்று அது ஒரு சாதாரண கொரோலாவின் மிடுக்கான தம்பி, அவ்வளவுதான். 1995இல் ஷுயிச்சி ஷிகெனோ தொடங்கிய 'இனிஷியல் டி' என்ற சித்திரத் தொடர்தான் அதைக் காவிய நாயகனாக்கியது. தந்தையின் கடைக்காக அதிகாலையில் தோஃபு ஏற்றிச் செல்லும் பையன் ஒருவன், பழைய டிரேனோவில் மலை இறங்கும்போது வலுமிக்க கார்களையெல்லாம் தோற்கடிக்கிறான். கதைக்களம் ஜப்பானின் குன்மா மாகாணத்து மலைப்பாதை. 2012இன் 86 காரைத் தயாரித்த சுபாரு தொழிற்சாலையும் அதே குன்மாவில்தான் இருக்கிறது. புதிய காருக்கு 86 என்று பெயரிட்டதே பழைய ஏ.ஈ.86இன் நினைவாக.

கதையில் வரும் பாதையைப் பார்த்த நம் மலைநாட்டு இளைஞருக்கு அது ஹுன்னஸ்கிரியவாகவோ ரம்பொடையாகவோ தெரிந்ததில் வியப்பில்லை.

ஆகவே 86 வந்தபோது எழுந்த கேள்வி, கண்டியில் இன்னும் கூர்மையாயிற்று. இங்கே 200 குதிரைவலு குறைவா? என் எண்ணத்தில், வேகத்தைப் பொறுத்தவரை குறைவல்ல. பேருந்தும் முச்சக்கர வண்டியும் எதிரே வரும் கொண்டை ஊசி வளைவில் மூன்றாம் கியருக்கு மேல் எவருக்கும் வேலையில்லை. கண்டி நகருக்குள்ளோ அதற்கும் இடமில்லை. 1998 ஜனவரியில் தலதா மாளிகை மீது நிகழ்ந்த குண்டுத் தாக்குதலின் பின் அதன் முன்னுள்ள வீதி வாகனங்களுக்கு மூடப்பட்டது. அதன் பிறகு வாவியைச் சுற்றி ஊர்வதே பலருடைய அன்றாட அனுபவமாகிவிட்டது.

ஆனால் எதிர்த்தவர்களிடமும் மலைநாட்டுக்கென்றே ஒரு நியாயம் இருந்தது. மேலே ஏற ஏறக் காற்று அடர்த்தி குறைகிறது. டர்போ இல்லாத எஞ்சின், ஒவ்வொரு 100 மீற்றர் உயரத்துக்கும் சுமார் ஒரு சதவீத வலுவை இழக்கும். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவை அடையும்போது, 86இன் 200 குதிரைகளில் முப்பதுக்கு மேல் வழியில் இறங்கிவிட்டிருக்கும். டர்போ எஞ்சின், காற்றை அழுத்தி உட்செலுத்துவதால் இந்த இழப்பைப் பெரும்பாலும் ஈடுகட்டும். மிட்சுபிஷி லான்சர் எவொலூஷன், சுபாரு இம்பிரெசா போன்ற டர்போ, நான்கு சக்கர இழுவைக் கார்களை இலங்கைப் போட்டிகளில் கண்டு பழகியவர்கள் 86ஐக் குறைவாக மதித்தது இதனாலும்தான். மழை இன்னொரு காரணம். தென்மேற்குப் பருவத்தில் தேயிலைச் சரிவிலிருந்து சேறு வழியும் வீதியில், பின்சக்கர இழுவைக் கார் பின்புறம் வழுக்குவதை 'சுவை' என்று எல்லோரும் சொல்லமாட்டார்கள். பக்கத்தில் பாதுகாப்புச் சுவர் இல்லாத இடங்களில் நானும் சொல்லமாட்டேன்.

இத்தனை வாதங்களுக்கும் மேலாக நின்றது விலை. நம் நாட்டில் காரின் விலையில் பெரும் பங்கு வரி. அண்மைக் காலங்களில் உற்பத்தி வரி எஞ்சின் கொள்ளளவைப் பொறுத்தே விதிக்கப்படுகிறது. கொள்ளளவு கூடக்கூட, ஒவ்வொரு சி.சி.க்கும் செலுத்த வேண்டிய தொகையும் படிப்படியாகக் கூடுகிறது. 1000 சி.சி.க்கு உட்பட்ட சிறு கார்கள் நம் வீதிகளை நிறைத்ததன் காரணம் இதுவே. இருவர் மட்டும் வசதியாக அமரக்கூடிய ஒரு 2000 சி.சி. காருக்குக் கொடுக்கும் பணத்தில், குடும்பக் கார் ஒன்றும் காணித்துண்டு ஒன்றும் வாங்கலாம் என்று கணக்குப் பார்க்காத நடுத்தர வர்க்கத்தவர் யார்? அரச உயர் அலுவலர், வைத்தியர், பல்கலைக்கழக விரிவுரையாளர், நாடாளுமன்ற உறுப்பினர் ஆகியோருக்குத் தீர்வைச் சலுகை அனுமதிப்பத்திரங்கள் கிடைத்தன. அவை கைமாறிய கதைகள் பத்திரிகைகளில் போதிய அளவு வந்துவிட்டன. 86 என்ற கார் இத்தீவில் விரல்விட்டு எண்ணத்தக்க அளவிலேயே காணப்பட்டது. உலகம் 'மலிவு' என்று கொண்டாடியது இங்கே செல்வந்தரின் வார இறுதி விளையாட்டுப் பொருளாயிற்று.

இலங்கையில் உண்மையான மலிவு ஸ்போர்ட்ஸ் கார் எது என்று அறிய விரும்புபவர் மோட்டார்ப் பந்தயங்களின் பட்டியலைப் பார்க்க வேண்டும். 1300 சி.சி. வரையான போர்ட் லேசர், மஸ்டா கார்களுக்கு ஒரு பிரிவு, 1000 சி.சி. நிசான் மார்ச்சுக்கு ஒரு பிரிவு. பழைய மினிக்கு ஒரு பிரிவு. பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிச் சென்ற கார்கள், உள் இருக்கைகள் கழற்றப்பட்டு, இரும்புக் கூண்டு பொருத்தப்பட்டு, மலையேறின. 1929இல் எம்.ஜி. செய்த அதே வேலையை நம் கராஜ்கள் தம் கையாலேயே செய்துகொண்டன.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. அந்தத் தடை நிலவிய காலத்தில்தான், 2021 ஏப்ரலில், 86இன் அடுத்த தலைமுறையை டொயோட்டா அறிமுகம் செய்தது. விமர்சகர்கள் கேட்டதெல்லாம் இம்முறை கிடைத்தது. எஞ்சின் 2387 சி.சி. ஆயிற்று, வலு 235 குதிரையாக உயர்ந்தது, இடையில் விழுந்த முறுக்குவிசைத் தொய்வும் பெருமளவு நீங்கியது. 2022இல் பிரித்தானியாவுக்கு ஒதுக்கப்பட்ட கார்கள் அத்தனையும் 90 நிமிடங்களில் பதிவாகிவிட்டன. இலங்கையில் தனியார் கார் இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்டது 2025 பெப்ரவரியில். புதிய வரி அட்டவணையிலும் 2000 சி.சி. ஒரு படிக்கட்டு. முதல் தலைமுறை 86இன் 1998 சி.சி. அதற்கு இரண்டு சி.சி. கீழே நின்றது; உலகம் கேட்டுப் பெற்ற புதிய எஞ்சின் அதைத் தாண்டி, கூடிய வரிப் படியில் ஏறி நிற்கிறது. பழையதை ஜப்பானிலிருந்து வரவழைப்போம் என்றாலோ, பாவித்த கார்களுக்கு விதிக்கப்பட்ட மூன்று ஆண்டு வயதெல்லை குறுக்கே நிற்கிறது.