காஞ்சிபுரம் பட்டு (புவிசார் குறியீடு)

காஞ்சிபுரம் பட்டு என்பது தமிழ்நாட்டின் காஞ்சிபுரத்திலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் நெய்யப்படும் பட்டுத் துணியைக் குறிக்கும், சட்டப் பாதுகாப்புப் பெற்ற பெயர் ஆகும். இது 2005-2006 காலப்பகுதியில் சென்னையிலுள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில் பதிவு செய்யப்பட்டது. இதற்கு வழிவகுத்த சட்டம் 1999 இல் இயற்றப்பட்டு, 2003 செப்டம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. இச்சட்டத்தின் கீழ் முதலில் பதிவான பெயர் டார்ஜிலிங் தேயிலை (2004).

காப்புரிமம் பெற இயலாமை

காஞ்சிபுரம் சேலையின் தனிச்சிறப்பு கோர்வை நெசவாகும். உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் அமைய, மூன்று நாடாக்களைக் கொண்டு இரு பகுதிகளின் ஊடை இழைகளையும் கோத்து நெய்வர். இதற்குத் தறியில் துணையாள் ஒருவரும் தேவை. நுட்பமான முறையே எனினும் இதற்குக் காப்புரிமம் பெற முடியாது. காப்புரிமம் புதிய கண்டுபிடிப்புக்கு 20 ஆண்டுகள் மட்டும் வழங்கப்படுவது. கோர்வையோ தலைமுறைகளாக அறியப்பட்டது. இந்தியக் காப்புரிமச் சட்டத்தின் 3(பி) பிரிவும் மரபு அறிவைக் கண்டுபிடிப்பாக ஏற்பதில்லை. புண்ணை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு 1995 இல் அமெரிக்காவில் வழங்கப்பட்ட காப்புரிமம், இந்திய அறிவியல் மற்றும் தொழிலக ஆய்வு மன்றத்தின் எதிர்ப்பால் 1997 இல் நீக்கப்பட்டதும் இதே காரணத்தினாலேயே.

உரிமை யாருக்கு?

புவிசார் குறியீடு நெசவு முறையைக் காப்பதில்லை, பெயரையே காக்கிறது. கோர்வையை வேறு ஊரில் நெய்வது குற்றமன்று. அதனைக் காஞ்சிபுரம் பட்டு என விற்பதே குற்றம். 1999 ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதித்தது. பதிவு 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். இவ்வுரிமையை விற்கவோ அடகு வைக்கவோ இயலாது.

பெயர் பதிவாகிவிட்டால் மட்டும் போதாது. அதைப் பயன்படுத்தும் உரிமைக்கு உற்பத்தியாளர் ஒவ்வொருவரும் 'அனுமதிக்கப்பட்ட பயனர்' எனத் தனியே பதிய வேண்டும். கைவினைப் பொருள்களைப் பொறுத்தவரை, அவற்றை விற்கும் வணிகரையும் சட்டம் 'உற்பத்தியாளர்' என்ற சொல்லில் அடக்குகிறது. ஆகவே, முதலாளி தரும் பாவுக்குக் கூலிக்கு நெய்பவரும் கடை உரிமையாளரும் சட்டத்தின் முன் ஒரே வரிசையில் நிற்கின்றனர். விண்ணப்பம், கட்டணம் ஆகியவற்றைச் சமாளிப்பது இவர்களுள் யாருக்கு எளிது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

புதிய வடிவங்கள்

மயில்கண், ருத்திராட்சம், தாழம்பூ ரேக்கு போன்ற மரபு வடிவங்கள் பொதுச் சொத்து. ஒருவர் தாமே வரைந்த புதிய கரைக்கோ முந்திக்கோ வடிவமைப்புச் சட்டம் (2000) வழியாக 10 ஆண்டுகளும், நீட்டித்தால் மேலும் 5 ஆண்டுகளும் பாதுகாப்புப் பெறலாம். எனினும் சேலை கடைக்குச் செல்லும் முன்பே விண்ணப்பித்தாக வேண்டும். வெளியான வடிவம் புதியதாகக் கருதப்படாது. பதியாமல் பதிப்புரிமையை நம்பியிருப்பதிலும் ஓர் இடர் உண்டு: பதியத்தக்க வடிவம் ஒன்று பதியப்படாமலே தொழில்முறையில் 50 முறைக்கு மேல் பொருளாக்கப்பட்டால் அதன் பதிப்புரிமை அற்றுப்போகும்.

பட்டுக்குறியுடன் வேறுபாடு

2004 இல் அறிமுகமான பட்டுக்குறி வேறு. அது தூய பட்டு என்பதற்கு மட்டுமே சான்று. சேலை விசைத்தறியில் நெய்யப்பட்டதா கைத்தறியில் நெய்யப்பட்டதா, எந்த ஊரினது என்பவற்றை அக்குறி கூறாது.