நத்தை படித்த கம்பெனி அதிகாரி

கிளிஞ்சல் பொறுக்குவதைச் சிறுபிள்ளை விளையாட்டு என்றுதான் நாம் எண்ணுகிறோம். அதையே ஒரு கல்வியாக்கிக் காட்டியவர் வில்லியம் ஹென்றி பென்சன் (1803–1870). ஹெய்லிபரி கல்லூரியில் பயின்று, 1821இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் உத்தியோகஸ்தராக வங்காளம் வந்தார். உயிரியல் அவர் தொழிலன்று. சொந்த ஆசையில்தான் நிலத்து நத்தை ஓடுகளைச் சேர்த்தார்.

வெறுமனே சேர்த்து வைத்திருந்தால் பரணில் கிடந்திருக்கும். பென்சனோ ஒவ்வோர் ஓட்டையும் சுற்று எத்தனை, வாய் எப்படி, மூடி உண்டா என்று நிறுத்துப் பார்க்கிற வியாபாரி மாதிரி ஆராய்ந்தார். நத்தையால் தூரம் போக முடியாதல்லவா? அதனால் மலைக்கு மலை தனி இனமே உண்டாகிவிடுகிறது. ஆகவே ஓடு கிடைத்த இடத்தைக் குறிக்காவிட்டால் பாதி அறிவு போச்சு. ஆசியக் கழகத்தின் இதழில் 1830களில் எழுதத் தொடங்கியவர், பிற்பாடு இந்திய நில நத்தைகளுக்கே ஓர் அதிகாரபூர்வ அறிஞரானார். டெரோசைக்ளாஸ், டிப்ளோமட்டினா ஆகிய பேரினங்கள் அவர் பெயரிட்டவை. நம் பக்கத்துக்கும் தொடர்புண்டு: சென்னை ராஜதானியில் மருத்துவராயிருந்த ஜெர்டனின் பெயரை, மேற்குத் தொடர்ச்சி மலை நத்தை ஒன்றுக்கு 1851இல் சூட்டினார்.

ஆனால் அன்பர்களே, கதைக்கு மறுபக்கமும் உண்டு. மொரீஷியஸிலிருந்து அவர் உயிரோடு கொண்டாந்த ஆப்பிரிக்கப் பெரு நத்தைகள் 1847இல் கல்கத்தா சௌரங்கியில் ஒரு தோட்டத்தில் விடப்பட்டன. ஒரே தடவையில் நூறு முட்டைக்கு மேல் இடக்கூடிய பிராணி அது. இன்று கேரளம், தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் வாழை, காய்கறிப் பயிர்களைத் தின்று தீர்க்கிறது. எலிகளின் நுரையீரல் புழு இந்த நத்தை வழியாக மனிதனுக்குத் தொற்றினால் மூளையுறை அழற்சி வரலாம்.

இடம் மாறினால் என்ன ஆகும் என்பதை, இடத்தைக் குறித்துக் குறித்தே பேரெடுத்தவரும் எண்ணவில்லை! கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை; ஆனாலும் விளைவு நூற்றைம்பது ஆண்டு தாண்டி நிற்கிறது.

தொல்காப்பியர் மரபியலில் நத்தையை ஈரறிவுயிர் என்றார். அந்த உயிரை நாம் வெறுக்க வேண்டியதில்லை, கொண்டுபோய் விடாமலிருந்தால் போதும். மாற்றலாகி ஊர்விட்டு ஊர் போகிற நம் குடும்பங்கள் துளசித் தொட்டியையும் கறிவேப்பிலைக் கன்றையும் மண்ணோடு எடுத்துப் போகிறோம். அந்த மண்ணில் ஏறக்குறைய மிளகளவு வெளிறிய முட்டைகள் இருக்கின்றனவா என்று ஒருமுறை கிளறிப் பாருங்கள். நத்தை தென்பட்டால் வெறுங்கையால் தொடாதீர்கள்.