வாக்குரிமையும் வயல்நிலமும்: இஸ்ரேலில் அரபுச் சிறுபான்மையினர்

ஒரு நாட்டின் சிறுபான்மையினர் அந்நாட்டோடு ஒன்றிணைந்துவிட்டனரா என்று வினவும்போது, நாம் பெரும்பாலும் இரண்டு சான்றுகளையே தேடுகிறோம். அவர்களுக்கு வாக்குரிமை உண்டா? அவர்களுள் மருத்துவரும் நீதிபதியும் உளரா? இஸ்ரேலின் அரபுக் குடிமக்களைப் பொறுத்தவரை இவ்விரு வினாக்களுக்கும் 'ஆம்' என்பதே விடை. எனினும், அவர்கள் வாழும் ஊர்களை நோக்கினால் வேறொரு விடை கிடைக்கிறது. ஒரே வரலாற்றிலிருந்து இவ்விரு விடைகளும் எவ்வாறு எழுந்தன என்பதை இங்கு ஆராய முற்படுகிறோம்.

முதலில் ஒரு தெளிவு வேண்டும். மேற்குக் கரையிலும் காசாவிலும் வாழும் பாலஸ்தீனர் இஸ்ரேலியக் குடிமக்கள் அல்லர். நாம் பேசுவது 1948ஆம் ஆண்டுப் போருக்குப் பின் இஸ்ரேலின் எல்லைக்குள் எஞ்சிய ஏறத்தாழ 1,50,000 அரபியரையும் அவர்தம் வழித்தோன்றல்களையும் பற்றியே. அப்போரில் ஏழு இலட்சத்திற்கும் மேற்பட்ட பாலஸ்தீனர் தம் இல்லங்களை விட்டு வெளியேறினர் அல்லது வெளியேற்றப்பட்டனர். எஞ்சியோரின் வழித்தோன்றல்கள் இன்று மக்கள்தொகையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கினர். அவர்களுள் பெரும்பான்மையினர் முஸ்லிம்கள். கிறித்துவரும் துரூஸ் சமயத்தவரும் உள்ளனர்.

வாக்களித்தனர், நடமாட இயலவில்லை

1948 மே மாதம் வெளியிடப்பட்ட விடுதலைப் பிரகடனம், சமயம், இனம், பால் ஆகிய வேறுபாடின்றி அனைவர்க்கும் சமூக, அரசியல் சமத்துவம் அளிப்பதாக உறுதி கூறியது. 1949இல் நடைபெற்ற முதல் பொதுத்தேர்தலில் அரபியரும் வாக்களித்தனர். அரபு உறுப்பினர் நாடாளுமன்றத்திலும் அமர்ந்தனர். ஆயினும் அதே காலத்தில் அரபியர் வாழ்ந்த பெரும்பாலான பகுதிகள் இராணுவ நிர்வாகத்தின் கீழ் வைக்கப்பட்டன. வேலை தேடி அடுத்த நகருக்குச் செல்லவும் அனுமதிச் சீட்டு தேவைப்பட்டது. இந்நிலை 1966 வரை நீடித்தது. அதன் கொடுமை 1956 அக்டோபர் 29ஆம் நாள் கஃபர் காசிம் என்னும் ஊரில் வெளிப்பட்டது. ஊரடங்கின் நேரம் முன்னதாக்கப்பட்டதை அறியாமல் வேலையிலிருந்து வீடு திரும்பியோரை எல்லைக் காவல் படையினர் சுட்டனர். நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

நிலமும் கைமாறியது. 1950ஆம் ஆண்டின் 'வாராதோர் சொத்துச் சட்டம்' நாட்டைவிட்டுச் சென்றோரின் உடைமையை மட்டுமன்றி, போரின்போது அண்டை ஊருக்குச் சென்று நாட்டிற்குள்ளேயே தங்கியோரின் உடைமையையும் அரசின் பொறுப்பில் சேர்த்தது. குடிமகனாக இருந்தும் தன் நிலத்தைப் பொறுத்தவரை அவன் 'இல்லாதவன்' ஆனான்.

உழவர் கூலித் தொழிலாளர் ஆயினர்

நிலம் குறைந்த உழவர் குடும்பங்கள் யூத நகரங்களின் கட்டுமானப் பணிகளையும் தொழிற்சாலைகளையும் நாடின. நாட்டின் பேரளவிலான தொழிற்சங்கமாகிய ஹிஸ்தாத்ருத், அரபியரை முழு உறுப்பினராக ஏற்க 1959இல் முடிவு செய்தது. அதன் பெயரிலிருந்த 'எபிரேய' என்னும் அடைமொழி 1966இல் நீக்கப்பட்டது. இவை உண்மையான முன்னேற்றங்களே. எனினும் தொழிலாளி காலையில் நகருக்குச் சென்று மாலையில் தன் ஊருக்கே திரும்பினான். அவனது உழைப்பு நகரை வளர்த்தது. ஊர் முன்பிருந்தவாறே இருந்தது.

இதன் பொருளியல் காரணத்தை மாணவர்கள் ஊன்றி நோக்க வேண்டும். இஸ்ரேலில் உள்ளாட்சி மன்றங்களின் வருவாயில் கடைகள், அலுவலகங்கள், தொழிற்சாலைகள் செலுத்தும் கட்டட வரி முதன்மையானது. தொழிற்பேட்டைகள் பெரும்பாலும் யூத ஊர்களின் எல்லைக்குள் அமைந்தன. ஆதலின் அரபு ஊராட்சிகளின் வருவாய் சுருங்கியது. பள்ளியும் சாலையும் வடிகாலும் பின்தங்கின. வீட்டுமனைத் திட்டம் உரிய காலத்தில் வகுக்கப்படாமையால் பலர் அனுமதியின்றி வீடு கட்டினர். அவ்வீடுகள் இடிப்பு ஆணையை எதிர்நோக்கின. 1976 மார்ச் 30ஆம் நாள், கலிலேயாவில் நிலம் கையகப்படுத்தப்படுவதை எதிர்த்து நடந்த போராட்டத்தில் அறுவர் உயிரிழந்தனர். அந்நாள் இன்றும் 'நில நாள்' என நினைவுகூரப்படுகிறது.

மொழி: ஏணியும் எல்லையும்

அரபுப் பிள்ளைகள் அரபு மொழிப் பள்ளிகளில் பயில்கின்றனர். எபிரேயத்தை இரண்டாம் மொழியாகக் கற்கின்றனர். பல்கலைக்கழகங்களோ எபிரேயத்தில் பாடம் நடத்துகின்றன. ஆகவே மேற்கல்வியின் வாயிலில் அரபு மாணவர் மொழித் தடையையும் தாண்ட வேண்டும். தாண்டியோர் பலர். இன்று மருத்துவர், செவிலியர், மருந்தாளர் ஆகியோருள் அரபியரின் பங்கு குறிப்பிடத்தக்கது. 2004இல் சலீம் ஜுப்ரான் உச்ச நீதிமன்றத்தின் நிரந்தர நீதிபதியானார். அரபு எழுத்தாளர் எமில் ஹபீபி 1992இல் நாட்டின் உயரிய விருதான இஸ்ரேல் பரிசைப் பெற்றார். அதை ஏற்றமைக்காக அரபுலகில் கண்டனத்திற்கும் ஆளானார்.

ஆட்சிமொழி நிலையோ எதிர்த்திசையில் சென்றது. பிரித்தானிய ஆட்சிக்காலம் முதல் எபிரேயத்தோடு ஆட்சிமொழியாக விளங்கிய அரபு, 2018ஆம் ஆண்டின் தேசிய அரசுச் சட்டத்தால் 'சிறப்பு நிலை' உடைய மொழியாகக் குறைக்கப்பட்டது.

அரசின் ஒப்புதலும் அதன் பின்னரும்

2000 அக்டோபரில் எழுந்த கிளர்ச்சியின்போது காவல்துறையின் நடவடிக்கையால் 13 அரபியர் மாண்டனர். அதனை ஆராய்ந்த ஓர் ஆணையம், அரபுக் குடிமக்களை அரசு புறக்கணிப்போடும் பாகுபாட்டோடும் நடத்தியுள்ளது என்று 2003இல் அறிவித்தது. 2015 இறுதியில் பல பில்லியன் ஷெக்கல் மதிப்பிலான ஐந்தாண்டு வளர்ச்சித் திட்டத்திற்கு அரசு ஒப்புதல் அளித்தது. 2021இல் மன்சூர் அப்பாஸ் தலைமையிலான அரபுக் கட்சி ஆளும் கூட்டணியில் இணைந்தது; தனித்தியங்கும் அரபுக் கட்சியொன்று அவ்வாறு இணைந்தது அதுவே முதன்முறை. ஆயினும் அக்கூட்டணி நெடுநாள் நிலைக்கவில்லை. அரபுக் குடும்பங்களிடையே வறுமை யூதக் குடும்பங்களைவிட மிகுதியாகவே உள்ளது. அரபு ஊர்களில் கொலைக் குற்றங்களும் அண்மை ஆண்டுகளில் பெருகியுள்ளன.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் அளவுகோல் ஒன்று உண்டு. ஒரு சமூகத்திலிருந்து எத்தனை பேர் உயர்ந்தனர் என்பது ஒருபாதி வினாவே. அவர்கள் மாலையில் திரும்பும் ஊருக்கு நிலமும் வருவாயும் பாதுகாப்பும் கிட்டினவா என்பது மறுபாதி. முதற்பாதிக்கு விடை கண்டவுடன் ஏட்டை மூடிவிடுவோமாயின், நாம் கற்றது வரலாறு ஆகாது. வெற்றி பெற்றோரின் பெயர்ப்பட்டியலே ஆகும்.